ஈட்டி எத்தனை மீற்றர் போனது என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருகோணமலை டவுனில் ஓட்டோ ஓட்டுகிறவன். சவாரி வரும் வரைக்கும் உங்கள் பத்திரிகைதான் எனக்குத் துணை. அரசியலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நேரே விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடுவேன், இது பல வருசப் பழக்கம். அந்த உரிமையில் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையிலோ காலிலோ கண்ணிலோ குறைபாடுள்ள ஒரு வீரர் பதக்கம் வென்றால் அந்தச் செய்தி விளையாட்டுப் பக்கத்தில் வருவதில்லை. உள்ளே எங்கேயோ, ராசிபலனுக்கும் சமையல் குறிப்புக்கும் பக்கத்தில், மனவுறுதி, தன்னம்பிக்கை என்று தலைப்புப் போட்டு வருகிறது. விபத்து நடந்த நாள் இருக்கும், தாய் பட்ட பாடு இருக்கும், கண்ணீர் இருக்கும். எத்தனை மீற்றர் எறிந்தார், போன முறையைவிட எவ்வளவு கூட, யார் பழக்கியது, குறைபாட்டின் வகையைப் பார்த்துப் பிரிக்கிற வகுப்புகளில் எந்த வகுப்புப் போட்டி, இரண்டாவதாக வந்தவர் எவ்வளவு பின்னால் நின்றார், இதில் ஒன்றும் இருக்காது. உங்கள் பத்திரிகை மட்டும் இப்படி என்று சொல்லவில்லை, எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் கிரிக்கெட்டில் ஒருவர் நாற்பது ஓட்டம் எடுத்தால் எத்தனை பந்தில் எடுத்தார், எத்தனை பவுண்டரி என்று விடாமல் எழுதுகிற நீங்கள், பராலிம்பிக்கில் பதக்கம் எடுத்தவரின் தூரத்தை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் அக்காவின் மகள் ஈட்டி எறிகிறாள். பிறக்கும்போதே அவளுக்கு இடது கை முழங்கையோடு நின்றுவிட்டது. வலது கை நல்ல பலம். உவர்மலைப் பக்கம் ஒரு வெறுங்காணியில் மாங்காய்க்குக் கல்லெறிகிற பிள்ளையாக இருந்தவளை ஒரு பீ.ரி. ஆசிரியர் கண்டு, கையில் ஈட்டியைக் கொடுத்துப் பார்த்தார். இல்ல விளையாட்டுப் போட்டியில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து எறிந்து மூன்றாமிடம் வந்தாள். அந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனதும் அடுத்த வருசம் அவளை மைதானத்துக்குள் விடவில்லை. பரிசு கொடுக்கிற மேசைக்குப் பின்னால் ஒரு கதிரையைப் போட்டு இருத்தினார்கள். அவள் வேலை, மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்களைப் போட்டி வாரியாக அடுக்கிக் கொடுப்பது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பாவம் பிள்ளை வெயிலில் நிற்க வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் பதினாலு வயதுப் பிள்ளை தன்னைவிடக் குறைவாக எறிந்தவளின் சான்றிதழைக் காற்றில் பறக்காமல் அரைக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்ததை நான் மதிலுக்கு வெளியே ஓட்டோவை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அந்த இரக்கம் அவளிடமிருந்து ஒரு வருசத்தை எடுத்துவிட்டது.

பாவம் பார்த்து எழுதுகிற செய்தியைப் படிக்கிறவர்கள் பாவம் பார்க்கத்தான் பழகுவார்கள். அதிபரும் படிக்கிறார், வலயக் கல்வி அலுவலகத்தில் இருக்கிறவரும் படிக்கிறார். கை கால் குறைந்த பிள்ளைக்கு விளையாட்டு ஒரு தொழில் என்று, பழக்கமும் கணக்கும் கொண்ட ஒரு வாழ்க்கை என்று யாருமே அவர்களுக்குச் சொல்லவில்லை.

தமிழ்நாட்டு உயரம் பாய்தல் வீரர் மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்வோம். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி என்ற ஊர்க்காரர். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது, தாய் செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் வளர்த்தார். இவ்வளவும் நம்மில் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் எல்லாரும் இதைத்தான் எழுதினார்கள். நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்ததை. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர்தான் அவரை உயரம் பாய்தல் பக்கம் திருப்பினார். பதினாலு வயதில் குறைபாடில்லாத பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாமிடம் வந்தார். 2013ல் இந்தியத் தேசியப் பரா தடகளப் போட்டியில் சத்தியநாராயணா என்ற பயிற்சியாளரின் கண்ணில் பட்டார், பிறகு பெங்களூரில் வைத்துப் பழக்கினார்கள். 2016 தொடக்கத்தில் துனிசியாவில் 1.78 மீற்றர் பாய்ந்து ரியோ பராலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். அந்த வருசம் செப்டெம்பரில் ரியோவில் 1.89, தங்கம். 2021ல் ரோக்கியோவில் மழை, காலுறை நனைந்து உந்தி எழும்பக் கஷ்டமாகிவிட்டது என்று அவரே சொன்னார், அப்படியும் 1.86, வெள்ளி. 2024ல் கோபேயில் நடந்த உலகப் போட்டியில் 1.88, தங்கம். அதே வருசம் பரிஸில் 1.85, வெண்கலம்.

இந்த இலக்கங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். இருபத்தொரு வயதிலிருந்து இருபத்தொன்பது வயது வரைக்கும், மூன்று பராலிம்பிக்கில், மனிசன் 4 சென்ரிமீற்றருக்குள் நிற்கிறார். உயரம் பாய்கிற ஒருவர் எட்டு வருசம் உடம்பை அப்படி வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று விளையாட்டுத் தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தாய் சுமந்த செங்கல் பெரிய விசயம்தான், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செங்கலோடு நிறுத்திவிட்டால் என் அக்கா மகள் போல ஒரு பிள்ளைக்கு அதில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? பீ.ரி. ஆசிரியர், தேசியப் போட்டி, பயிற்சியாளர், வெளிநாட்டில் ஒரு தகுதிப் போட்டி, இப்படி ஒரு படிவரிசை இருந்தது என்று எழுதினால், எங்கள் ஊரில் அதில் எந்தப் படி இல்லை என்று தகப்பன்மாருக்கும் தாய்மாருக்கும் விளங்கும்.

எங்கள் நாட்டுக் கதையும் அப்படித்தான். இலங்கைக்குப் பராலிம்பிக்கில் இதுவரை ஐந்து பதக்கங்கள். 2012 லண்டனில் பிரதீப் சஞ்சய 400 மீற்றர் ஓட்டத்தில் எடுத்த வெண்கலம் முதலாவது. 2016 ரியோவில் தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியில் வெண்கலம். 2021ல் ரோக்கியோவில் ஈட்டியிலேயே அதே ஹேரத் தங்கம், துலான் கொடித்துவக்கு வெண்கலம். 2024 பரிஸில் அதே துலான் வெள்ளி, 67.03 மீற்றர்.

ஹேரத்தின் கணக்கை என் அக்கா மகள் மனப்பாடமாகச் சொல்வாள். அவளைப் போலவே அவருக்கும் ஒரு கையில்தான் குறை, எஃப் 46 என்ற வகுப்பு. ரியோவில் அவர் எறிந்தது 58.23 மீற்றர். ரோக்கியோவில் 67.79, அது அப்போது உலக சாதனை. ஐந்து வருசத்தில் ஒன்பதரை மீற்றர் கூட்டியிருக்கிறார், அதுவும் முப்பது வயதைத் தாண்டின பிறகு! அன்றைக்கு அவருக்குப் பின்னால் நின்றவர் இந்தியாவின் தேவேந்திர ஜஜாரியா, ஏற்கனவே இரண்டு பராலிம்பிக் தங்கம் வைத்திருந்த ஆள், அவர் எறிந்தது 64.35. மூன்று மீற்றருக்கு மேல் வித்தியாசம். ஈட்டியில் இப்படி வெல்வது சின்ன விசயம் இல்லை. ஒன்பதரை மீற்றர் எப்படிக் கூடியது, ஓடி வருகிற தூரத்தை மாற்றினாரா, ஈட்டியை விடுகிற கோணத்தை மாற்றினாரா, வருசத்தில் எத்தனை போட்டிக்குப் போனார் என்று ஒருவராவது தமிழில் எழுதியிருந்தால் நான் அதை வெட்டி ஓட்டோ கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபிக்காமல் கேளுங்கள். இந்தப் பதக்கங்களை வென்றவர்கள் இராணுவத்தில் இருந்தவர்கள். ஹேரத் போரில் காயப்பட்டவர். அவர்களின் உழைப்பை நான் ஒரு சொல்லாலும் குறைக்க மாட்டேன், அந்தத் தங்கம் எனக்கும் தங்கம்தான். ஆனால் இராணுவத்தில் இருக்கிற வீரருக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார், காயத்தைப் பார்க்க வைத்தியர் இருக்கிறார், அவர்களுக்கென்றே பரா விளையாட்டுப் போட்டியும் நடக்கிறது. அந்த ஏணி இருந்ததால் ஏறினார்கள். அதே போரில் மூதூரிலும் சம்பூரிலும் வெருகலிலும் குச்சவெளியிலும் ஷெல்லுக்கும் மிதிவெடிக்கும் கால் கொடுத்த சனம் எத்தனை. அவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் அந்த ஏணியில் முதல் படியே இல்லை. ஐந்து பதக்கமும் ஆண்கள் எடுத்தவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளை, அதுவும் இராணுவத்துக்கு வெளியே, அதுவும் கொழும்புக்கு வெளியே என்றால் யார் தேடி வருவார்கள்?

இந்த விளையாட்டே போரில் அடிபட்டவர்களுக்காகத் தொடங்கியதுதான். 1948ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில், முதுகுத்தண்டு அடிபட்ட பழைய படையினருக்கு லுட்விக் குட்மன் என்ற டொக்டர் வில்வித்தைப் போட்டி வைத்தார், லண்டன் ஒலிம்பிக் தொடங்கின அதே நாளில். பதினாறு பேர்தான் கலந்துகொண்டார்கள். பன்னிரண்டு வருசத்தில் அது ரோமில் பராலிம்பிக் ஆகிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் தொடங்குவதற்கு ஆட்கள் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

சரி, முதல் படி என்று நான் எதைச் சொல்கிறேன்? வகைப்படுத்தல். இதை இங்கே விளையாட்டுக்குப் பொறுப்பானவர்களில் பாதிப் பேருக்கு விளங்கப்படுத்தவே எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. பரா தடகளத்தில் யாரும் நினைத்த மாதிரிப் போய் எறிய முடியாது. வைத்தியமோ உடற்சிகிச்சையோ படித்த ஒருவரும் விளையாட்டு நுட்பம் தெரிந்த ஒருவரும் சேர்ந்து உடம்பைப் பரிசோதிப்பார்கள், பிறகு போட்டியில் எறிகிறபோதும் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் வகுப்பு கிடைக்கும். கண் பார்வைக்கு 11 முதல் 13, மூளை வாதத்துக்கு 30களில், கை குறைந்தவர்களுக்கு 45, 46, 47, கதிரையில் இருந்துகொண்டு எறிகிறவர்களுக்கு 50களில், செயற்கைக் காலோடு ஓடுகிறவர்களுக்கு 60களில். வகுப்பு இல்லை என்றால் நீங்கள் எவ்வளவு தூரம் எறிந்தாலும் அது கணக்கில்லை. ரோக்கியோவில் இந்தியாவின் வினோத் குமார் தட்டெறிதலில் மூன்றாமிடம் வந்தும், அவருக்கு அந்த வகுப்புப் பொருந்தாது என்று வெண்கலத்தைத் திருப்பி எடுத்தார்கள். அவ்வளவு இறுக்கமான விசயம்.

எங்களுக்கு அந்தப் பரிசோதனை என்றால் கொழும்புதான். இரவு பஸ்ஸில் ஏற வேண்டும், பெண்பிள்ளை என்றபடியால் தாயும் கூடப் போக வேண்டும், அக்கா கூலி வேலைக்குப் போகிறவள், அவளுக்குச் சம்பளம் போய்விடும், விடிய இறங்கினால் குளித்து உடுப்பு மாற்ற இடம் தேட வேண்டும், அப்புறம் சிங்களத்தில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் பிடிக்க வேண்டும், இவ்வளவுக்கும் பிறகு களைத்துப் போன கையால் பிள்ளை எறிய வேண்டும். ஒரு முறை போய், கடிதம் ஒன்று குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். என்ன கடிதம் வேண்டும் என்று இங்கே கேட்டபோது எல்லாம் சரி என்றுதான் சொன்னார்கள். அந்த அலுவலகத்தின் பேரை எழுதப் போவதில்லை, அங்கே இருந்த ஒரு தங்கச்சி தன் சாப்பாட்டுப் பார்சலைப் பிள்ளைக்குக் கொடுத்தாள். ஆட்களில் பிழை இல்லை, ஏற்பாடுதான் பிழை.

வகைப்படுத்துகிற குழுவை வருசத்தில் ஒரு முறை கிழக்கு மாகாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வர முடியாதா? மெக்கெய்சர் மைதானத்தில் ஒரு நாள் வைத்தால் போதும். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய் எல்லாம் இருந்து காலையில் வந்து பின்னேரம் வீட்டுக்குப் போய்விடலாம், மட்டக்களப்பில் இருந்தும் வருவார்கள். தமிழும் முஸ்லிமும் சிங்களமும் ஒரே வரிசையில் நிற்கும். இது பெரிய காசு பிடிக்கிற காரியம் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016ல் ஏற்று உறுதிப்படுத்திவிட்டது, அதன் 30ஆவது உறுப்புரையில் விளையாட்டும் இருக்கிறது, பாடசாலைக்குள் நடக்கிற விளையாட்டும் இருக்கிறது. நான் சட்டம் படித்தவன் இல்லை. சவாரி வந்த ஒரு சட்டத்தரணி சொல்லித்தான் தெரியும், பிறகு போனில் தேடி வாசித்தேன்.

அடுத்தது வலய மட்டப் போட்டி. ஈட்டி, குண்டு, தட்டு, 100 மீற்றர், நீளம் பாய்தல், இவற்றில் மட்டுமாவது குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு ஒரு சுற்று வையுங்கள். பதக்கம்கூட வேண்டாம், அளவு நாடா பிடித்து அளந்து, பதிந்து, ஒரு கடதாசியில் கையொப்பம் போட்டுக் கொடுங்கள். அளவு இருந்தால்தான் அடுத்த மாதம் கூடியதா குறைந்ததா என்று தெரியும்.

என் அக்கா மகள் எறிகிறதைப் பார்த்தால் எதற்கு அளவு வேண்டும் என்று விளங்கும். ஈட்டி எறிகிறவர்கள் கடைசி அடியில் இடது கையை மார்போடு இழுத்துப் பிடித்து இடது பக்கத்தை நிறுத்துவார்கள், அப்போதுதான் வலது பக்கம் சாட்டை போலச் சுழன்று வரும். இவளுக்கு அந்தக் கை குட்டை என்றபடியால் பாரம் போதாது, உடம்பு அளவுக்கு மிஞ்சித் திரும்பிவிடும், ஈட்டி இடது பக்கமாகச் சரிந்து போகும். இதைத் திருத்த அவள் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள், அரைக்கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து கடைசியில் கீழே வெட்டி இறக்குகிறாள். பார்க்கிறவர்கள் பறவை செட்டை அடிக்கிற மாதிரி என்று சிரித்தார்கள். பிறகு போனில் நியூசிலாந்தின் ஹொலி ராபின்சன் எறிகிற வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அவருக்கும் பிறப்பிலேயே இடது முன்கை இல்லை, ரோக்கியோவில் கடைசி எறிதலில் 40.99 மீற்றர் எறிந்து தங்கம் எடுத்தவர். பிள்ளை அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்தி, இடது தோளை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழும்பவில்லை. "மாமா, இவ தோளை முதல் பூட்டுறா, பிறகுதான் இடுப்பு வருது" என்றாள். எனக்கு அது விளங்கவே இல்லை. அவளுக்கு விளங்கியது, எனக்கு அது போதும்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஈட்டியைக் காற்றுக்கு எதிராக எப்படித் தாழ்த்தி விடுவது என்றும் அவளே பழகிக்கொண்டாள். பழகப் போவதெல்லாம் என் ஓட்டோவில்தான். ஈட்டியை ஓட்டோவில் நீட்டிக் கட்டினால் முனை வெளியே வரும், சிவப்புத் துணி சுற்றிக்கொண்டு உப்புவெளிப் பக்கம் போகிறோம். சோதனைச் சாவடி இருந்த காலமாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அக்கா பயத்தோடு சொல்வாள். மைதானத்தில் கிரிக்கெட் விளையாடுகிற பெடியள் அவளைக் கண்டால் பந்தை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் ஒதுங்கிவிடுவார்கள், விழுந்த இடத்தில் ஒரு குச்சியும் நட்டுக் கொடுப்பார்கள். நல்ல பெடியள்.

2024ல் பரிஸில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் பட்மின்டனில் பதக்கம் எடுத்தார்கள். துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். துளசிமதிக்கும் மனிஷாவுக்கும் கையில் குறை, எஸ்யூ 5 என்ற வகுப்பு, அரையிறுதியில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எதிராகவே விளையாடினார்கள், முதல் செட் 23க்கு 21. ஒரே மாநிலத்தில் இருந்து வந்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் பராலிம்பிக் அரையிறுதியில் நேருக்கு நேர்! இதைவிட நல்ல விளையாட்டுச் செய்தி அந்த வாரம் என்ன இருந்தது? காஞ்சிபுரத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் தன் மகளைத் தானே பழக்கினார் என்பதைப் பலர் எழுதினார்கள், நல்லது. ஆனால் அந்த 23க்கு 21 எப்படி முடிந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. பிள்ளை கேட்டாள், என்னிடம் பதில் இல்லை.

ஆசிரியர் ஐயா, பெரிய கட்டுரை ஒன்றும் கேட்கவில்லை. மாகாண மட்டத்தில் பரா போட்டி நடந்தால் உங்கள் திருகோணமலை நிருபர் அங்கே போய்ப் பெயர், வகுப்பு, தூரம், நேரம் நான்கையும் எழுதி அனுப்பட்டும். நடக்கவில்லை என்றால், ஏன் நடக்கவில்லை என்று பொறுப்பானவர்களிடம் கேட்டு எழுதட்டும். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் பாடசாலைப் படங்கள் பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள், அந்தப் பாடசாலையில் குறைபாடுள்ள பிள்ளைகள் எந்தப் போட்டியில் இறங்கினார்கள் என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள். ஒரு பத்திரிகை கேட்டுவிட்டது என்றால் அடுத்த வருசம் அந்தக் கதிரையை எடுத்துவிடுவார்கள்.

வாசகர்களில் ஈட்டி எறிந்து பழகின யாராவது திருகோணமலையில் இருந்தால், சனிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் வந்து பிள்ளையின் தோளைப் பார்த்துச் சொல்லுங்கள். வீட்டில் இருந்து ஏற்றிக்கொண்டு வந்து திருப்பி விடுவது என் பொறுப்பு. அவள் இப்போது பாவிப்பது இரவல் ஈட்டி, அதுவும் வளைந்துவிட்டது. பெண்கள் எறிகிற 600 கிராம் ஈட்டி எந்தப் பாடசாலையின் களஞ்சியத்திலாவது தூசி பிடித்துக் கிடந்தால் பத்திரிகை அலுவலகத்துக்கு அறிவியுங்கள், ஆசிரியர் என் போன் நம்பரைத் தருவார்.

இப்படிக்கு,
ஓட்டோ சாரதி ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.